வண்டி தண்ணி குடிக்கிறதா? பழைய டிராக்டரில் நீர்க்கசிவைக் கண்டுபிடிக்கும் வழி

பழைய டிராக்டரில் ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறது என்று பட்டறையில் சொன்னால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், இறக்கிப் பார்த்துடலாம்" என்பதுதான். (சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும், அதை மேலிருந்து மூடும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடுதான் ஹெட் கேஸ்கெட்.) அவசரப்படாதீர்கள். தளர்ந்த ஹோஸ் கிளிப்போ, ரப்பர் செத்துப்போன ரேடியேட்டர் மூடியோ காரணமாக இருந்து, அதற்காக ஹெட்டை இறக்கிய வண்டிகள் ஏராளம். ஹெட்டை ஒருமுறை இறக்கினால் கேஸ்கெட், ஃபேஸிங் (ஹெட்டின் அடிமுகத்தைச் சமமாக்குவது), வால்வு வேலை என்று செலவு வரிசையாக வரும். உழவு நாளும் போகும்.

இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்ச் சுற்றிலிருந்து தண்ணீர் வெளியேற நான்கே வழிகள்தான். தரையில் சொட்டும், ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகத் தள்ளப்படும், ஆயிலில் கலக்கும், சிலிண்டருக்குள் போய்ப் புகையோடு போகும். உங்கள் வண்டியில் இந்த நான்கில் எது என்று முடிவு செய்யும்வரை எந்த நட்டிலும் ஸ்பேனரை வைக்க வேண்டாம். இன்னொன்று: ஈரம் எங்கே இருக்கிறது என்பதைவிடத் தண்ணீர் எப்போது குறைகிறது என்பதுதான் அதிகம் சொல்லும். ஓடும்போது ஃபேன் காற்று சொட்டை இன்ஜின் முழுக்க விசிறி அடித்துவிடும். முன்னால் வாட்டர் பம்பில் கசிவது பின்னால் செல்ஃப் மோட்டார் மேல் ஈரமாகத் தெரியும்.

உங்கள் இன்ஜினில் லைனர் (பிஸ்டன் ஓடும் உருளை உறை) எப்படி இருக்கிறது என்பதையும் தெரிந்துவைத்திருங்கள். சென்னையில் சிம்ப்சன் தயாரித்த பழைய பெர்கின்ஸ் வகை மூன்று சிலிண்டர் இன்ஜின்களில் இருப்பது உலர் லைனர். தண்ணீர் நேரடியாக லைனரைத் தொடாது. ஃபோர்டு 3600-இல் தனி லைனரே இல்லை, பிளாக்கையே துளைத்து போர் செய்திருப்பார்கள். ஜெட்டர் வடிவமைப்பில் வந்த எச்.எம்.டி. வண்டிகளில் ஈர லைனர். தண்ணீர் லைனரைச் சுற்றியே நிற்கும், கீழே ரப்பர் ரிங்தான் அதைத் தடுக்கிறது. இது ஏன் முக்கியம் என்பது ஆயிலில் தண்ணீர் கலக்கும் பகுதிக்கு வரும்போது புரியும். (காற்றால் குளிரும் பழைய ஐஷர் வைத்திருப்பவர்கள் நிம்மதியாக வேறு ஏதாவது படிக்கலாம்.)

எந்தச் சோதனைக்கும் முன்னால் ஒரு எச்சரிக்கை. சூடான இன்ஜினில் மூடியைத் திறக்காதீர்கள். சாக்கைப் போட்டு மெதுவாகத் திறந்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். மூடி அழுத்தத்தைப் பிடித்துவைத்திருப்பதால் 100 டிகிரிக்கு மேலும் உள்ளே தண்ணீராகவே நிற்கும். திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் தாராளமாகப் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறட்டும்.

"தினமும் கொஞ்சம் குறைகிறது, ஈரம் எங்கேயும் இல்லை"

முதலில் இது கசிவுதானா என்று பாருங்கள். பழைய டிராக்டர்களில் பெரும்பாலும் தனி எக்ஸ்பான்ஷன் டேங்க் கிடையாது. காலையில் கழுத்து வரை ஊற்றினால், சூடாகி விரியும் தண்ணீர் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக வெளியே போகத்தான் செய்யும். மறுநாள் ஒரு அங்குலம் குறைந்திருக்கும். நீங்கள் மறுபடி கழுத்து வரை ஊற்றுவீர்கள், அது மறுபடி துப்பும். இப்படி இல்லாத கசிவுக்கு வருடக்கணக்கில் தண்ணீர் ஊற்றுபவர்கள் உண்டு. கழுத்திலிருந்து இரண்டு விரல்கடை இறங்கி நிரப்பிவிட்டு, ஒரு குச்சியில் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நாலைந்து நாள் வேலைக்குப் பிறகும், ஆறிய நிலையில் அதே இடத்தில் நின்றால் வண்டியில் ஒன்றுமில்லை.

மட்டம் தொடர்ந்து இறங்கினால் அடுத்து மூடி. பழைய மாஸி போன்றவற்றில் மூடி 7 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) அளவில் இருக்கும். ஒவ்வொரு பி.எஸ்.ஐ.க்கும் கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி உயரும் என்பதால், நல்ல மூடி இருந்தால் 110 டிகிரி வரை தண்ணீர் கொதிக்காது. ஸ்பிரிங் தளர்ந்தோ ரப்பர் வெடித்தோ போன மூடி வெறும் தட்டு மாதிரிதான். ரொட்டவேட்டர் ஓட்டும்போது தண்ணீர் ஆவியாகப் போய்விடும், தரையில் தடயமே இருக்காது. ரப்பர் வளையத்தைப் பாருங்கள், அது உட்காரும் கழுத்து விளிம்பில் நெளிவு இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். மூடியின் நடுவில் ஒரு சின்ன வால்வும் உண்டு; இன்ஜின் ஆறும்போது உள்ளே காற்றை விடுவது அதன் வேலை. வேலை முடிந்து ஆறியதும் மேல் ஹோஸ் சப்பி ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த வால்வு அடைத்திருக்கிறது.

புது மூடி வாங்கும்போது பழையதன் மேல் அச்சிட்ட அளவையே கேளுங்கள். கடையில் கார் மூடியைக் கொடுத்து "இது இன்னும் ஸ்ட்ராங்" என்பார்கள். இரண்டு மடங்கு அழுத்தத்தைப் பழைய பித்தளை ரேடியேட்டர் தாங்காது. ஈயப் பற்று விட்டுவிடும்.

"காலையில் தரையில் சொட்டு, ஓட ஆரம்பித்தால் நின்றுவிடுகிறது"

ஏறக்குறைய எப்போதும் ஹோஸ் கிளிப்தான். இரவில் ரப்பரும் உலோகமும் சுருங்கும்போது வழி கிடைக்கிறது, சூடானதும் ரப்பர் விரிந்து அடைத்துக்கொள்கிறது. கிளிப்பை இறுக்குங்கள், ஆனால் ரப்பரை வெட்டும் அளவுக்கு வேண்டாம். இறுக்கியும் நிற்கவில்லை என்றால் ஹோஸைக் கழற்றி, குழாய் முனையில் துருவும் உப்பும் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். எமரித் தாள் போட்டு வழவழப்பாக்கி, புது ஹோஸ் போட்டால் முடிந்தது. கம்பியைச் சுற்றி முறுக்கிய "கிளிப்" எல்லாம் வயலிலிருந்து வீடு வந்துசேரும் வரைக்கும்தான்.

ரேடியேட்டர் அடியிலும் பிளாக்கின் பக்கத்திலும் உள்ள வடிகால் குழாய்களையும் ஒரு பார்வை பாருங்கள். பிளாக் குழாயைப் பலர் வருடக்கணக்கில் தொடுவதே இல்லை. அதன் உள்ளே சேறு கட்டிச் சரியாக மூடாமல் சொட்டும்.

"ஓடும்போதும், நிறுத்திய கொஞ்ச நேரத்திலும் சொட்டுகிறது"

இது அழுத்தத்தில் திறக்கும் கசிவு. நிறுத்திய உடனே சுற்றோட்டம் நின்று இன்ஜின் சூடு தண்ணீரில் ஏறுவதால், அழுத்தம் அப்போது கொஞ்சம் கூடும். அதனால் தேடுவதற்கு நல்ல நேரம், நிறுத்திய அடுத்த ஐந்து பத்து நிமிடம். சூடான பாகங்களில் கை வைக்காமல் டார்ச் அடித்துப் பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியவில்லையா? வண்டியைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, சந்தேகப்படும் இடங்களில் முகப் பவுடரைத் தூவுங்கள். அரை மணி நேரம் ஓட்டினால் பவுடரில் ஈரக் கோடு விழும். அந்தக் கோட்டின் மேல்முனைதான் உங்களுக்கு வேண்டிய இடம். ஃபேனுக்கு நேர் பின்னால் பவுடர் நிற்காது; அங்கே வேறு வழி பார்க்க வேண்டும்.

அந்த வழிதான் அழுத்தச் சோதனை. ரேடியேட்டர் கடைக்காரர்களிடம் கைப்பம்பும் மீட்டரும் சேர்ந்த கருவி இருக்கும். இல்லையென்றால் பழைய மூடி ஒன்றில் டயர் வால்வைப் பற்றவைத்து, ஓவர்ஃப்ளோ குழாயை அடைத்து, அழுத்தமானி உள்ள சைக்கிள் பம்பால் ஏற்றலாம். மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் ஏற்றக் கூடாது. கம்ப்ரஸர் ஹோஸை நேராக வைப்பது ரேடியேட்டரைக் கிழிக்கும் வேலை. ஆறிய இன்ஜினில் 7 பி.எஸ்.ஐ. ஏற்றிப் பதினைந்து நிமிடம் விடுங்கள். ஃபேன் சுற்றாததால் சொட்டு விழும் இடம் நேராகத் தெரியும். முள் இறங்குகிறது, வெளியே ஒரு சொட்டும் இல்லை என்றால் தண்ணீர் உள்ளேதான் போகிறது. நேராக ஆயில், வெள்ளைப் புகை பகுதிகளுக்குப் போய்விடுங்கள்.

வெளியே தெரியும் கசிவுகளில் நான் முதலில் சந்தேகப்படுவது வாட்டர் பம்பை. பம்பின் கழுத்துக்கு அடியில் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால், தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் அந்தத் துளை வழியாக வெளியே வரட்டும் என்றுதான் அதை வைத்திருக்கிறார்கள். அங்கே துருக்கோடோ, பச்சையோ வெள்ளையோ படிந்த கறையோ இருந்தால் சீல் போய்விட்டது. அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைப்பது நம் ஊரில் சகஜம். தண்ணீர் நிற்கும், அப்புறம் பேரிங்குக்குள் போகும். பேரிங் உடைந்தால் ஃபேன் போய் ரேடியேட்டரைக் கிழிக்கும். ஃபேன் இலையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பம்பைக் கழற்ற வேண்டியதுதான். புது சீல் போடும்போது பெல்ட்டையும் கவனியுங்கள். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்க வேண்டும். முறுக்கிக் கட்டிய பெல்ட் பம்ப் பேரிங்கைச் சீக்கிரம் தின்றுவிடும்.

அடுத்தது ரேடியேட்டர். பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டரில் குழாய்கள் மேல் தொட்டியிலும் கீழ்த் தொட்டியிலும் சேரும் ஈயப் பற்றுதான் பலவீனமான இடம். அடியில் இருக்கும் ரப்பர் புஷ் செத்துப்போனால் அதிர்வு நேராக அங்கே போகும். அதனால் பற்றவைத்து வாங்கிவந்ததும் பழைய புஷ்ஷிலேயே மாட்டினால், சில மாதங்களில் மறுபடி கடைக்குத்தான் போவீர்கள். கடையில் தொட்டியில் முக்கிக் காற்றடித்துப் பார்க்கும்போது கூடவே நில்லுங்கள். எத்தனை இடத்தில் குமிழ் வருகிறது என்று உங்கள் கண்ணால் பார்ப்பது நல்லது. இரண்டு மூன்று குழாய்களை அடைத்துவிடலாம். அதற்கு மேல் என்றால் குழாய்த் தொகுதியான கோர் முழுவதையும் மாற்றுவதே மலிவு.

மூன்றாவது வெல்ஷ் பிளக். பிளாக்கின் பக்கவாட்டில் வட்டத் தகடுகளாக இருக்கும். உள்ளிருந்து துருப்பிடித்து ஊசித் துளை விழும். டீசல் பம்புக்குப் பின்னாலும் செல்ஃப் மோட்டாருக்குப் பின்னாலும் இருப்பவை கண்ணுக்குத் தெரியாமல் ஏமாற்றும். ஒன்று போனால் மற்றவையும் அதே வயதுதான். எட்டும் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

"கிளட்ச் ஹவுசிங் அடியிலிருந்து தண்ணீர்"

ஹவுசிங்கின் அடியில் ஸ்பிளிட் பின் மாட்டிய சிறு துளை ஒன்று உண்டு. அங்கே ஆயில் சொட்டுவது பலருக்குத் தெரியும். தண்ணீர் சொட்டினால், பிளாக்கின் பின்முகத்தில் இருக்கும் பிளக் போயிருக்கலாம், அல்லது பிளாக்கே வெடித்திருக்கலாம். இரண்டுக்கும் வண்டியை நடுவில் பிரித்தாக வேண்டும். ஆனால் அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஹெட்டின் பின்மூலையில் கசிந்து பிளாக் வழியே இறங்கும் தண்ணீரும் இதே துளையில்தான் வந்து விழும். பின்மூலையைத் துடைத்துக் காயவைத்து, அழுத்தம் ஏற்றி, மேலிருந்து கோடு வருகிறதா என்று பார்த்துவிட்டே பிரியுங்கள். அந்தப் பதினைந்து நிமிடம் இரண்டு நாள் வேலையை மிச்சப்படுத்தக் கூடும்.

"ரேடியேட்டரில் குமிழ் வருகிறது, தண்ணீரைத் துப்புகிறது"

எல்லோரும் ஹெட் கேஸ்கெட் என்று முடிவு கட்டும் இடம் இது. இரண்டு பொய்க் காரணங்களை முதலில் ஒதுக்க வேண்டும்.

ஒன்று, அடைப்பு. சேற்று உழவிலும் கதிரடிப்பிலும் ரேடியேட்டரின் முகத்தில் தூசும் வைக்கோல் துகளும் படிந்து காற்றை மறித்துவிடும். வண்டி சூடாகி, கொதித்து, துப்பும். இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாகக் காற்றோ தண்ணீரோ அடித்துச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி பாருங்கள்.

இரண்டு, கீழ் ஹோஸ். வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. அங்கே கிளிப் தளர்வாக இருந்தால் தண்ணீர் வெளியே வராமல் காற்று உள்ளே போகும். ரேடியேட்டரில் குமிழ் குமிழாக வரும்.

இதைப் பிரித்தறிய நல்ல சோதனை உண்டு. இன்ஜின் முழுக்க ஆறியிருக்கட்டும். ஃபேன் பெல்ட்டைக் கழற்றுங்கள். தெர்மோஸ்டாட்டையும் (இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) எடுத்துவிட்டு அதன் உறை மூடியைத் திருப்பி மாட்டி, ரேடியேட்டரில் கழுத்து வரை தண்ணீர் ஊற்றுங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்தே வைத்து இன்ஜினை ஓட்டுங்கள். ஒரு நிமிடம் போதும், இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், சுற்றோட்டம் இல்லாமல் ஹெட் சூடாகிவிடும். பம்ப் சுற்றாததால் காற்றை உறிஞ்ச வழியில்லை. ஆறிய தண்ணீர் என்பதால் கொதிக்கவும் இல்லை. சிக்கியிருந்த காற்று ஆரம்பத்தில் நாலு குமிழாக வந்து நின்றுவிடும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் அது சிலிண்டர் வாயுதான். ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்தால் இன்னும் பொங்கும்.

எந்த சிலிண்டர் என்று தெரிய, ஒவ்வொரு நாசிலுக்கும் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) போகும் டீசல் குழாயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி அந்த சிலிண்டரை நிறுத்துங்கள். துணியைச் சுற்றி, கையை விலக்கிவைத்துச் செய்ய வேண்டும். அந்த அழுத்தத்தில் டீசல் தோலுக்குள்ளேயே ஏறிவிடும், அது ஆஸ்பத்திரிக் காயம். குறிப்பிட்ட சிலிண்டரை நிறுத்தியதும் குமிழ் சட்டென்று குறைந்தால் கோளாறு அங்கே. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டிலும் குறைந்தால், கேஸ்கெட் அவற்றுக்கு நடுவில் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஹெட்டை இறக்கினால் கேஸ்கெட்டை மாற்றி மூடிவிடாதீர்கள். நேர்ச்சட்டத்தை வைத்து ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) ஹெட்டின் வளைவைப் பாருங்கள். நீளவாக்கில் 0.15 மி.மீ.க்கு மேல் போனால் பொதுவாக ஃபேஸிங் தேவைப்படும்; உங்கள் வண்டிப் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதுவே முடிவு. வால்வுகளுக்கு நடுவே மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று லேத்தில் சோதிக்கச் சொல்லுங்கள். கொதித்த இன்ஜினில் யாராவது குளிர்ந்த தண்ணீரைச் சட்டென்று ஊற்றியிருந்தால் இந்த வெடிப்பு வரும்.

"ஆயில் பால் காபி மாதிரி ஆகிவிட்டது"

ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் மட்டும் கொஞ்சம் வெண்மை இருந்தால் பதற வேண்டாம். மழைக்காலத்தில், வண்டியைச் சூடேற விடாமல் சின்னச் சின்ன வேலைக்கு எடுத்து நிறுத்தினால் ஈரப்பதம் படியும். டிப்ஸ்டிக்கிலும் (ஆயில் அளவுக் குச்சி) அப்படி இருந்தால், அல்லது ஆயில் மட்டம் ஊற்றாமலே உயர்ந்திருந்தால், வண்டியை ஓட்டாதீர்கள். ராத்திரி முழுக்க நிறுத்திவைத்து, காலையில் சம்ப்பின் (இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) பிளக்கை மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது, அடியில் தங்கும். முதலில் வருவது தெளிந்த தண்ணீராக இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

லைனர் வகை இங்கேதான் உதவும். எச்.எம்.டி. போன்ற ஈர லைனர் வண்டியில் முதல் சந்தேகம் கீழ் ரப்பர் ரிங். சம்ப்பைக் கழற்றி, அடியில் உலர்ந்த செய்தித்தாளை விரித்து, சுற்றில் அழுத்தம் ஏற்றுங்கள். எந்த லைனரின் அடியிலிருந்து தாளில் சொட்டு விழுகிறது என்று தெரிந்துவிடும். உலர் லைனர் இன்ஜினில் அந்த ரிங்கே கிடையாது. ஆகவே "லைனர் ரிங் போயிருக்கு" என்று ஒருவர் சொன்னால், அவருக்கு உங்கள் இன்ஜின் தெரியவில்லை என்று அர்த்தம். அங்கே கேஸ்கெட், ஹெட் வெடிப்பு, பிளாக் வெடிப்பு என்ற வரிசையில் தேட வேண்டும்.

"வெள்ளைப் புகை" அல்லது "காலையில் செல்ஃப் டக்கென்று நிற்கிறது"

காலையில் இரண்டு நிமிடம் வரும் வெள்ளைப் புகை ஒன்றுமில்லை. சூடான பிறகும் வந்தால் அது நீராவியா, எரியாத டீசலா என்று பாருங்கள். டீசல் புகை கண்ணைக் கரிக்கும், காற்றில் தங்கும். நீராவி சீக்கிரம் கரையும். கூலன்ட் ஊற்றியிருந்தால் இனிப்பு வாடை அடிக்கும்.

இரண்டாவதுதான் ஆபத்தானது. இரவில் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கி நின்றிருந்தால், செல்ஃப் கால் சுற்று சுற்றி டக்கென்று நிற்கும். பேட்டரி வீக் என்று நினைத்துத் தள்ளி ஸ்டார்ட் செய்தாலோ, இன்னொரு வண்டியில் கட்டி இழுத்தாலோ கனெக்டிங் ராடு வளைந்துவிடும், ஏனென்றால் தண்ணீரை நசுக்க முடியாது. நாசில்களைக் கழற்றி, டீசலை நிறுத்திவைத்து, இன்ஜினைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். நாசில் துளைக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள். எந்தத் துளையில் தண்ணீர் வருகிறதோ அந்த சிலிண்டரில்தான் வேலை.

மஞ்சள் தூள், போர்த் தண்ணீர், தெர்மோஸ்டாட்

ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவது லாரிக்காரர்களின் பழைய வைத்தியம். ஊசித்துளைக் கசிவை அது தற்காலிகமாக அடைக்கும்தான். நடுவழியில் நின்றால் போடுங்கள், தப்பில்லை. வீட்டுக்கு வந்ததும் கழுவி எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் அது குழாய்களையும் சேர்த்து அடைக்கும். கேஸ்கெட்டுக்கும் லைனருக்கும் அது வேலை செய்யாது.

உப்புப் போர்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே கசிவை மட்டும் சரிசெய்வதில் பயனில்லை. வெல்ஷ் பிளக்கையும் பம்பையும் தின்றது அந்தத் தண்ணீர்தான். நமக்குப் பனி உறையும் கவலை இல்லை என்று கூலன்ட்டை ஒதுக்குகிறார்கள். துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் அதே கூலன்ட்தான். டிஸ்டில்ட் வாட்டரோடு சரிபாதி கலந்து ஊற்றுங்கள். மூன்று சிலிண்டர் வண்டிக்கு மொத்தம் ஏறக்குறைய 10 லிட்டர்தான் பிடிக்கும். கட்டுப்படியாகவில்லை என்றால் சுத்தமாகப் பிடித்த மழைநீர், போர்த் தண்ணீரைவிட எவ்வளவோ மேல். இனிப்பாக இருக்கிறது என்று நாயும் கன்றும் நக்கும், ஆனால் கூலன்ட் விஷம். வடித்ததைத் திறந்த பாத்திரத்தில் வைக்காதீர்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது பற்றி: நம் வெயிலுக்கு அது தேவையில்லை என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. அது இல்லாத இன்ஜின் லேசான வேலையில் குளிர்ந்தே ஓடி, ஆயிலில் கசடு சேர்ந்து, லைனர் சீக்கிரம் தேயும். சோதனைக்காக எடுத்ததைத் திரும்பப் போடுங்கள். போடும் முன் வெந்நீரில் முக்கித் திறக்கிறதா என்று பாருங்கள்.

வேலை முடிந்து நிரப்பும்போது மெதுவாக ஊற்றி, மூடியைத் திறந்தே ஐடிலில் ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் சிக்கிய காற்று வெளியேறி மட்டம் சரியும். அப்போது மீதியை ஊற்றி மூடுங்கள். ஒரு நாள் உழவுக்குப் பிறகு, ஆறியதும், குச்சியை விட்டுப் பாருங்கள். ஹெட்டை இறக்கியிருந்தால், புத்தகம் சொல்லும் நேரத்தில் நட்டுகளை வரிசைப்படி மறுபடி டார்க் (குறித்த முறுக்கு விசை) வைத்து இறுக்கி, டேப்பட்டையும் (வால்வு இடைவெளி) சரிபார்க்க வேண்டும்.